வெந்தய வாடை வராத சத்துமாவு

எதிர்வீட்டு ஸுஹூர் சின்னம்மா எங்கள் ஊரான ஸாஃபியின் துறைமுகத்தில் மத்தி மீனை டப்பாவில் அடைக்கும் ஆலையில் வேலை செய்கிறார். மிகவும் ஒல்லி. கல்யாண வீடுகளில், "காத்தடிச்சா பறந்துடுவே, இடுப்புல கல்லைக் கட்டிட்டு வாடி" என்று கேலி செய்வார்கள்.

ருகையா அவருக்குப் பால் சகோதரி. இருவருக்கும் பாலூட்டியவர் ருகையாவின் அம்மா. ருகையா வீட்டிலேயே மாவு, பாதாம், எள், வெந்தயம் வறுத்துச் சத்துமாவு விற்கிறார். என்ன சேர்த்தாய் என்று யாராவது கேட்டால், "நம்பிக்கையோட சாப்பிடு. கேட்டா பலிக்காது" என்பார். எங்கள் ஊரில் அதற்கு மேல் யாரும் கேட்பதில்லை.

அந்த மாவைத் தின்று ஒரே குளிர்காலத்தில் சின்னம்மாவின் முகம் உருண்டு திரண்டது. பொதுக் குளியல்கூடத்தில் ஒருத்தி, "வெந்தயம் தின்னா வேர்வை நாறுமே! உனக்கு வாடையே இல்லையேடி?" என்றாள்.

"எங்கக்கா கைராசி" என்று சின்னம்மா சிரித்தார்.

பிறகு காலில் நீலத் திட்டுகள் வந்தன. மாடிப்படி ஏற முடியவில்லை. டாக்டர் சொன்னார்: "அந்த மாவுல ஸ்டீராய்டு கலந்திருக்கணும். திடீர்னு நிறுத்தினா உயிருக்கே ஆபத்து. எது, எவ்வளவுன்னு கேட்டுட்டு வாங்க."

பள்ளி முடித்து வீட்டில் சும்மா இருந்த நான்தான் அவரைக் கைத்தாங்கலாக ருகையா வீட்டுக்குக் கூட்டிப்போனேன். சின்னம்மா மிச்ச மாவு இருந்த ஜாடியை மேசையில் வைத்தார்.

"அக்கா, இதுல என்ன போட்டே?"

"எல்லாம் அல்லா குடுத்த மூலிகைதான். என்னைப் போலீஸ்ல மாட்டிவிடப் பாக்கறியா?"

"போலீஸ் எதுக்கு? பேரை மட்டும் சொல்லு. தின்னாலும் ஆபத்து, விட்டாலும் ஆபத்துங்கறாங்க."

"உனக்குப் போய் நான் கெடுதல் பண்ணுவேனாடி?"

அப்போது ருகையாவின் மகள் இஹ்ஸான் தேநீர் கொண்டுவந்தாள். கல்யாணம் நிச்சயமானவள், குச்சி போல இருப்பாள். பேச்சோடு பேச்சாக ஜாடியில் விரலை விட்டு வாய்க்குக் கொண்டுபோனாள். ருகையா பாய்ந்து அவள் கையைத் தட்டிவிட்டார்.

"வாயில வைக்காதே! போ, கையைக் கழுவு!"

இஹ்ஸான் விரலைத் துடைத்துக்கொண்டே உள்ளே போனாள்.

"உன் பொண்ணும் ஒல்லிதானேக்கா" என்றார் சின்னம்மா.

ருகையா தலையைக் குனிந்துகொண்டார். "சந்தைக்காரன் பொடி பண்ணின மாத்திரை தர்றான். என்ன மாத்திரைன்னு சத்தியமா எனக்குத் தெரியாது."

"தெரியாததை அவளுக்குக் குடுக்கல. எனக்குக் குடுத்தே." சின்னம்மா எழுந்துவிட்டார். "புருஷனா இருந்தா தலாக் வாங்கிட்டுப் போயிருப்பேன். உன்னை என்ன செய்யறது?"

பெயர் கடைசிவரை கிடைக்கவில்லை. டாக்டர் தனக்குத் தெரிந்த ஸ்டீராய்டு மாத்திரையைக் கொடுத்து, அளவை மெல்லக் குறைத்துவருகிறார். சின்னம்மா இன்னும் பாதிப் படியில் உட்கார்ந்துவிடுகிறார். ருகையா போன் செய்தால் பெயரைப் பார்க்கிறார், மணி அடித்து ஓயும்வரை பார்த்துக்கொண்டே இருக்கிறார், எடுப்பதில்லை.