ஜும்ஆ முடியும்வரை கதைத்தோம்

இரண்டு வருடங்களுக்கு முன், ஒரு வெள்ளிக்கிழமை, மட்டக்களப்பு வாவியின் வடக்குப் பக்கத்திலுள்ள எங்கள் ஊர்ப் பல்நோக்கு மண்டபத்தில் நடந்தது இது. நான் ஒரு முன்பள்ளி ஆசிரியை. "வாயில விரல்" என்று சொல்லிச் சொல்லியே பாதி ஆயுள் போய்விட்டது. அப்படிப்பட்ட நான்தான் ஊராரைப் பேச வைக்கும் வேலையில் மாட்டிக்கொண்டேன்.

வாவி ஓரத்துச் சேற்றில் வேர்விட்டு நிற்கும் கண்டல் மரங்களை நாங்கள் கண்ணா என்போம். எங்கள் ஊருக்கும் பக்கத்து முஸ்லிம் ஊருக்கும் நடுவில் அப்படி ஒரு கண்ணாக்காடு இருக்கிறது. அரச காணி, இரண்டு ஊருக்கும் பொது. இறால் குஞ்சும் நண்டும் வளர்வது அந்த வேர்களுக்குள்தான். காற்றுக் காலத்தில் தோணிகளைக் கட்டி வைப்பதும் அங்கேதான். அதை வெட்டி வெளியாக்கி இறால் பண்ணை போட வெளியூர் முதலாளி ஒருவர் அனுமதி கேட்டிருந்தார். மக்கள் கருத்தைக் கேட்டு அறிக்கை எழுத அதிகாரி ஒருவர் வரப்போவதாகவும் சொன்னார்கள்.

முதலாளியின் ஆட்கள் கெட்டிக்காரர்கள். எங்களிடம் வந்து, பக்கத்து ஊரில் எல்லோருக்கும் சம்மதம் என்றார்கள். அங்கே போய் எங்களைப் பற்றி அதையே சொன்னார்கள். யுத்த காலத்துக்குப் பிறகு இரண்டு ஊரும் சந்தையில் சிரித்துக்கொள்ளும், அதற்குமேல் மனம் விட்டுப் பேசுவது குறைவு. அதனால் பொய் நன்றாகவே ஓடியது. கடைசியில் அந்த ஊரிலிருந்து மோட்டார் சைக்கிளில் மீன் கொண்டுவரும் நானாவிடம் (முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்) நான் நேரடியாகவே கேட்டுவிட்டேன். அவர் தராசைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

"நீங்க எல்லாரும் சம்மதிச்சிட்டீங்கெண்டுதானே டீச்சர் எங்களுக்குச் சொன்னாங்க?"

அன்றே முடிவெடுத்தோம். அவர் தன் ஊரில் ஆள் சேர்ப்பது, நான் என் ஊரில். ஒரே கூட்டத்தில் இரண்டு ஊரும் ஒரே குரலில் சொன்னால் பொய் தானாக உடைந்துவிடும் அல்லவா?

என் பக்கத்தில் வந்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். அதிகாரி முன் பேசுவது என்றதும் பாதிப் பேருக்கு நடுக்கம். ஞாயிற்றுக்கிழமைகளில் முன்பள்ளியின் குட்டிக் கதிரைகளில் உட்கார வைத்துப் பழக்கினேன். சுற்றி வளைக்கக் கூடாது, இரண்டு நிமிடம்தான், மேலே போனால் கை தட்டுவேன். அந்தக் கண்டிப்புக்கு ஒத்துவராத ஒரே ஆள் ஓய்வுபெற்ற பஸ் கொண்டக்டர் ஒருவர். வாயைத் திறந்தால் மூடமாட்டார். பட்டியலில் இருந்து அவரை நானே வெட்டினேன். அவர் கோபித்துக்கொண்டு போனார், ஆனாலும் கூட்டத்தன்று வந்து கடைசி வரிசையில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

காலையிலேயே அதிகாரி வருவதாக ஏற்பாடு. முஸ்லிம் ஊரிலிருந்தும் சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துவிட்டார்கள். எல்லோரும் வலை வீசும் ஆண்கள். காத்திருந்தோம், காத்திருந்தோம், ஜீப்பைக் காணவில்லை. அது வந்து நின்றபோது வெள்ளிக்கிழமை மதிய ஜும்ஆத் தொழுகைக்கு நேரமாகிவிட்டது. ஒரு மணித்தியாலம் பொறுக்க முடியுமா என்று அதிகாரியிடம் கேட்டேன்.

"பின்னேரம் எனக்கு வேற கூட்டம் இருக்கு. கதைக்க ஆள் இருக்கும்வரைக்கும் இருப்பன். இல்லாட்டி முடிச்சிட்டுப் போயிருவன்."

நானா என்னை ஒதுக்குப்புறமாகக் கூப்பிட்டார். "தொழுதுபோட்டு ஓடி வாறம் டீச்சர். கூட்டத்த முடிய விட்டுராதீங்க. கதைச்சிக்கிட்டே இருங்க."

அவர்கள் போனதும் மண்டபத்தில் பாதி காலி. முதலாளியின் ஆள் அந்த வெறுங்கதிரைகளைக் கையால் காட்டி, "பாருங்க சேர், அந்த ஊருக்கு எதிர்ப்பே இல்ல. எழும்பிப் போயிட்டாங்க" என்றார். அதிகாரியும் குறித்துக்கொண்டார். தொழத்தான் போயிருக்கிறார்கள், வருவார்கள் என்று நான் சொன்னதற்கு, வந்தால் அதையும் எழுதுவதாகச் சொன்னார்.

பிறகு நடந்ததை நினைத்தால் இன்றும் சிரிப்பு வரும். என் ஆட்கள் நான் பழக்கியபடியே பேசினார்கள். கணீரென்று சொல்லிவிட்டு இரண்டு நிமிடம்கூட ஆகாமல் உட்கார்ந்தார்கள். நான் பின்னாலிருந்து, இழு, இழு என்று கையைக் காட்டினேன். அவர்கள் அதை நிறுத்தச் சொல்லும் சைகை என்று நினைத்து இன்னும் அவசரமாக முடித்தார்கள். மளமளவென்று பட்டியல் தீர்ந்துகொண்டு வந்தது. பக்கத்தில் இருந்த ஒரு அக்கா என் காதில், "அவங்க இனி எங்க டீச்சர் வரப்போறாங்க? கடைசியில நாமதான் தனிய நிக்கப்போறம்" என்றாள். பாதி நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அதிகாரி பேனாவை மூடினார். "வேற யாரும் இருக்கீங்களா?"

நான் கடைசி வரிசைக்கு ஓடினேன். கொண்டக்டர் என்னை நிமிர்ந்தும் பார்க்கவில்லை.

"இப்ப மட்டும் நான் வேணுமோ?"

"அண்ணன், அவங்க வரும்வரைக்கும் கதைக்கணும். உங்களால மட்டும்தான் ஏலும்."

அவர் முகம் மாறியது. வேட்டியைச் சரி செய்துகொண்டு எழுந்தார். "ஓடி வாற சனத்துக்காக எத்தின பஸ்ஸ மறிச்சி வச்சிருக்கன். ஒரு கூட்டத்த மறிக்க மாட்டனா?"

முன்னால் போய், தான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து தொடங்கினார். வாவியோர வீதியில் ஒவ்வொரு பஸ் தரிப்பிடமாக எங்களை ஏற்றி இறக்கினார். எந்த இடத்தில் யார் ஏறுவார்கள், யார் மிச்சக் காசுக்குச் சண்டை பிடிப்பார்கள், எல்லாம் வந்தது. அதிகாரி பொறுமையிழந்து, "விசயத்துக்கு வாங்க ஐயா" என்றார். "வந்துகொண்டுதான் இருக்கன் சேர், இன்னும் ரெண்டு ஹோல்ட்தான்" என்றார் இவர். மண்டபமே சிரித்தது. அதிகாரிக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை.

அந்த இரண்டு தரிப்பிடம் தாண்டி அவர் உண்மையிலேயே விசயத்துக்கு வந்தார். ஒரு பெருவெள்ளத்தில் கண்ணா இல்லாத இடமெல்லாம் வீதி அரித்துக்கொண்டு போனதையும், கண்ணா நின்ற இடத்தில் மட்டும் தார் தப்பியதையும், அந்தத் துண்டு வீதியில் இரண்டு ஊர்ச் சனமும் ஒரே பஸ்ஸுக்குள் விடியும்வரை இருந்ததையும் சொன்னார். அதிகாரி பேனாவைத் திறந்தார்.

அதன் பிறகு எங்கள் பெண்களுக்கும் கூச்சம் விட்டுப்போனது. காலையில் வாய் திறக்கப் பயந்த நண்டு விற்கும் தங்கச்சி எழுந்து, புருசன் புயலில் தோணியைக் கண்ணாவில் கட்டி உயிர் தப்பிய கதையைச் சொன்னாள். அவளை இன்னொருத்தி தொடர்ந்தாள். நான் கை தட்டவே இல்லை.

வாசலில் மோட்டார் சைக்கிள்கள் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. தொப்பியைக்கூடக் கழற்றாமல், மூச்சு வாங்க முதலில் உள்ளே வந்தவர் எங்கள் நானா. அவருக்குப் பின்னால், தொழப் போனவர்கள் எல்லோரும். போனதைவிடக் கூட ஆட்கள். பள்ளிவாசலில் சொல்லி இன்னும் பலரைக் கூட்டிவந்திருந்தார்கள். எனக்கு வெட்கத்தை விட்டு அழுகை வந்தது. நானா அதிகாரியின் முன்னால் போய் நின்று, "சேர், இவங்க என்ன சொன்னாங்களெண்டு எனக்குத் தெரியாது. ஆனா நாங்களும் அதத்தான் சொல்லுறம்" என்றார். கொண்டக்டர் அவருக்குத் தன் கதிரையைக் கொடுத்தார்.

பண்ணைக்கு அனுமதி கிடைக்கவில்லை. நாளைக்கு வேறொரு முதலாளி வரலாம், வரட்டும். இப்போது இரண்டு ஊருக்கும் ஒரே குழு, கூட்டம் மட்டும் வெள்ளியில் வைப்பதில்லை. என் வகுப்பிலும் "வாயில விரல்" குறைந்துவிட்டது. இப்போதும் நான் போகும் பஸ், யாரோ ஓடிவருகிறார்கள் என்று நிற்கும்போது மற்றவர்கள் முணுமுணுப்பார்கள். எனக்கோ, வருவோம் என்றவர்கள் வருவார்கள் என்று நம்பிக் கொஞ்ச நேரம் மறித்து வைத்ததால்தான் எங்கள் காடு பிழைத்தது என்பது ஞாபகத்துக்கு வரும்.