சுற்றாமல் நின்ற மேசை

மேல்சித்தாமூர் ஸ்ரேயான்ஸ் நயினாருக்கு நாற்பத்தாறு வயது. சமணர்; விரதப்படி, பொழுது சாய்ந்த பிறகு ஒரு பருக்கை அவர் வாய்க்குள் போனதில்லை. அவர் கல்யாணத்தன்று பந்தி நீண்டுவிட, சூரியன் செஞ்சி மலைமேல் பத்து நிமிஷம் உட்கார்ந்து காத்திருந்தது. நம்பாதவர்கள் சூரியனையே கேட்டுக்கொள்ளலாம்.

திண்டிவனத்துக்கு வெளியே, இரும்புச் சாமான்களுக்கு நைட்ரைடு பூச்சுப் போடும் சின்னத் தொழிற்சாலையில் அவர் மெஷின் ஆபரேட்டர். காற்றை உறிஞ்சியெடுத்த இரும்புக் கூண்டுக்குள் ஒரு பக்கம் டைட்டானியத் தகடு, எதிரே குரோமியத் தகடு. ஆர்கான் வாயு மோதி அவற்றை அணு அணுவாகப் பெயர்க்கும். பெயர்ந்தது நைட்ரஜனோடு சேர்ந்து நைட்ரைடாகி, நடுவே சுழலும் மேசையிலுள்ள சாமான்மேல் படியும். மேசை சுற்றச் சுற்ற இது ஒரு படலம், அது ஒரு படலம். ஒவ்வொன்றும் சில நானோமீட்டர்தான். என் மாமியாரின் பொறுமைகூட அதைவிடத் தடிமன். இப்படி நூற்றுக்கணக்கில் மாறி மாறி அடுக்கினால், ஒன்றில் விழும் ஓட்டையை அடுத்தது மூடிவிடும். உப்புத்தண்ணீருக்கு இரும்பைத் தொட வழியிருக்காது, தேய்மானமும் குறையும். மேசை சுற்றினால்தான் இத்தனையும்.

மரக்காணத்தில் உப்பளம் வைத்திருக்கும் பிரான்சிஸ், கடல்நீர் பம்புகளுக்காக எட்டு ஷாஃப்ட் கொடுத்திருந்தார். அவை உள்ளே ஓடிக்கொண்டிருந்தபோது, மாலை ஐந்தரைக்கு ஸ்ரேயான்ஸ் சாப்பிட எழுந்தார். அந்த நேரம் மெஷினைப் பார்த்துக்கொள்ளும் காணை ஊர்க் கலைப்பிரியா அன்று லீவு. இருபது நிமிஷந்தானே என்று போனவர் திரும்பியபோது மேசை நின்றிருந்தது. மோட்டார் பெல்ட் நழுவியிருந்தது. தகடுகளுக்கு முன்னால் ஊதா வெளிச்சம் மட்டும் எரிந்துகொண்டேயிருந்தது. ஷாஃப்டுகளின் ஒரு பக்கம் ஒரே நைட்ரைடு தடியாக ஏறியிருக்கும், மறுபக்கம் இன்னொன்று. பெல்ட்டை மாட்டி மிச்சத்தை ஓட்டி முடித்தார்.

காலையில், மேலே படிந்த மிச்சப் பூச்சில் எட்டும் புதுத்தங்கமாய் ஜொலித்தன. கீறிப் பார்த்த சோதனையிலும் தேறின. உப்புநீர்ச் சோதனைக்கு வாரக்கணக்கில் ஆகும். பிரான்சிஸின் வேனோ வாசலில் நின்றது. நடுவில் எழுந்துபோய் ஒருமுறை வேலை கெட்டாலும் மெஷின் கலைப்பிரியாவுக்குத்தான் என்று முதலாளி வெங்கடாசலம் போன மாதமே சொல்லியிருந்தார்.

ஸ்ரேயான்ஸ் முதலில் கலைப்பிரியாவிடமே சொன்னார்.

"அண்ணா, கலரு சூப்பரா கீது. யாருக்கும் தெரியாது, சும்மா இருங்க."

"எனக்குத் தெரியுமே."

"ஒரு விரதத்தப் பாத்துக்கினு போனதால வந்த பேஜாரு இது. பொய் சொல்லக்கூடாதுன்னு இப்ப இன்னொன்னா?"

வயிற்றுக்கு வைத்த விரதத்தைக் காப்பாற்றியாயிற்று; வாய்க்கு வைத்தது வாசலில் வேனோடு நின்றது.

முதலாளி அறைக்குப் போய்ச் சொன்னார். வெங்கடாசலம் எழுந்து கதவைச் சாத்தினார்.

"எத்தினி நிமிஷம் நின்னுச்சு நயினாரே?"

"தெரியலைங்க. அதான் பயமா கீது."

"ஜல்தியா லோடு ஏத்தச் சொல்லுங்க. வாயத் தொறக்காதீங்க, மிச்சத்த நான் பாத்துக்கறேன்."

ஸ்ரேயான்ஸ் நேராக வேனுக்குப் போனார். பிரான்சிஸ் ஒரு ஷாஃப்டை வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மழ வரைக்கும் தாங்கும் இல்ல, நயினாரே?"

"எடுத்துக்கினு போவாதீங்க. ரெண்டே மாசத்துல உப்பு உள்ள பூந்துடும். என் தப்புங்க."

"சீசன் ஆரம்பிச்சாச்சுய்யா! பாத்தியில தண்ணி இல்லாம எத்த வாரறது, உன் தங்கத்தையா?" கத்தித் தீர்த்தார் பிரான்சிஸ். பிறகு எட்டையும் அவரே இறக்கிவைத்தார்.

பழைய பூச்சைக் கரைத்துப் புதிதாய்ப் போடப் பத்து நாள் ஆகும் என்றார்கள். அதுவரை பிரான்சிஸின் பாத்திகள் காய வேண்டியதுதான். வெங்கடாசலம் ஸ்ரேயான்ஸை வெளியே அனுப்பவில்லை. பொழுது சாய்ந்தாலும் மெஷின் நிற்கும்வரை எழமாட்டேன் என்று எழுதிக் கொடுத்தால் போதும் என்றார். ஸ்ரேயான்ஸ் பேனாவை எடுத்தார், எழுதாமலே மேசைமேல் வைத்துவிட்டார்.

மறுநாளிலிருந்து பின்கட்டில் சாமான் கழுவும் வேலை. பூச்சைக் கரைத்தபின் பிரான்சிஸின் எட்டையும் அவரே கழுவித் துடைத்து நீட்டினார். கலைப்பிரியா கையுறையோடு வாங்கிக்கொண்டாள். அவர் முகத்தைப் பார்க்காமல் மெஷின் அறைக் கதவைச் சாத்தினாள்.