பச்சைத் திட்டுகளுக்குள் ஒரு முகம்

டிராயிங் டீச்சர் அந்தப் பச்சையைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்வாள். வேலைக்குப் போன தம்பியை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனவர்கள் போட்டிருந்தது, பச்சையும் பழுப்புமாகத் திட்டுத் திட்டான அந்தச் சீருடைதான். அதற்குப் பிறகு அவன் இருக்கிறானா இல்லையா என்று சொல்ல யாரும் வாய் திறக்கவில்லை.

அதையேதான் அவள் வரைந்தாள். ஆள் உயரக் கேன்வாஸ் முழுக்கத் திட்டுகள். கிட்டத்தில் பார்த்தால் இலைதழை. தள்ளி நின்று பார்த்தால் தம்பியின் முகம்.

"விஷப்பரீட்சை வேணாம். பிள்ளைங்க இருக்கு" என்றார் கணவர்.

"மாடர்ன் ஆர்ட்டுங்க. யார் உத்துப் பாக்கப்போறாங்க?"

கண்காட்சியைத் திறந்துவைக்க ஓர் அதிகாரி, அதே சீருடையில் வருவார் என்று அவள் கனவிலும் நினைக்கவில்லை. அவர் படத்தை ஒட்டி நின்றார்.

"எங்க துணியையே வரைஞ்சிருக்கீங்களே! என்ன அர்த்தம்?"

"காடுங்க... மழை பெஞ்ச காடு." என்றாள் அவள்.

அவர் சிரித்தபடி ஓரடி பின்வாங்கினார். இன்னும் ஓரடி. போதும், நில்லுய்யா என்று அவள் மனம் கெஞ்சியது.

அந்த நேரம் பார்த்து, வராதே என்று அவள் சொல்லியிருந்த அம்மா வாசலில் வந்து நின்றாள். "ஐயோ, என் சின்னவனே!"

கூடமே திரும்பியது. டீச்சர் ஓடிப்போய் அம்மாவைக் கட்டிக்கொண்டாள். "அம்மாவுக்குப் புத்தி தடுமாறிடுச்சுங்க. எதைப் பாத்தாலும் மகன்னு சொல்லுவாங்க."

அம்மா அவள் முகத்தைப் பார்த்தாள். பெற்றவளுக்குப் புரிந்துவிட்டது. "ஆமாங்க, எனக்குப் புத்தி சரியில்ல" என்றாள் மெதுவாக.

அதிகாரி நேரே அம்மா நின்ற இடத்துக்கு வந்து, படத்தைத் திரும்பிப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். சிரிப்பு போய்விட்டது. தொப்பியை மாட்டிக்கொண்டு வெளியேறினார்.

மறுநாள் கூடத்துச் சுவரில் வெறும் ஆணிதான் இருந்தது. "கேக்காதீங்க டீச்சர்" என்றார் கண்காட்சி மேலாளர், குரலைத் தாழ்த்தி.

வீட்டுக்கு யாரும் வரவில்லை. ஆனால் தெருவில் வண்டி நின்றால் போதும், குழந்தைகளை உள்ளறைக்குத் தள்ளுவாள்.

கொஞ்சநாள் கழித்து அம்மா கேட்டாள்: "சின்னதா ஒண்ணு போட்டுத் தாயேன். என் அலமாரிக்குள்ள வச்சுக்கறேன்."

ஜன்னலைச் சாத்திவிட்டு அவள் பச்சையைக் குழைத்தாள். முதல் திட்டை வைத்துவிட்டு, வாசலில் ஏதும் சத்தம் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டாள். பிறகு அடுத்த திட்டை வைத்தாள்.