பேசாலையிலிருந்து அநுராதபுரம்: அக்காவின் கட்டியும் என் சல்யூட்டும்

பேசாலை வாழ் சகலருக்கும் ஆழ்ந்த துயரத்துடன் அறியத் தருவது: கடந்த வியாழன் அதிகாலை 5.10க்கு என் இடது கால் செருப்பின் வார் அகால மரணமடைந்தது. வலது செருப்பு துணையின்றித் தவிக்கிறது. பயணம் முழுவதும் அப்பாவின் செருப்பில்தான் நடந்தேன். இரண்டு அளவு பெரிது.

இனிப் பயணம். மெற்றில்டா அக்காவுக்கு வயது இருபத்தைந்து. மாதவிலக்கு வந்தால் நாலு நாள் பாயில் சுருண்டு கிடப்பாள். ஆறு வருடமாக இதே கதை. மன்னாரில் ஸ்கான் எடுத்தபோதுதான் பெயர் தெரிந்தது: எண்டோமெற்றியோசிஸ். கருப்பைக்குள் இருக்க வேண்டிய சவ்வு வெளியே வளர்ந்து, இடது சூலகத்தில் கட்டியாகியிருந்தது.

"கலியாணம் கட்டினாச் சரியாப் போகும்" என்றார் அம்மா.

"அப்ப மாப்பிள்ளையைக் காலமை ஒண்டு, பின்னேரம் ஒண்டு எண்டு எடுக்கிறதோ?" என்றாள் அக்கா.

அநுராதபுரத்தில் ஒரு பெண்நோய் வைத்தியர் வியாழன்களில் பன்னிரண்டு மணி வரை பார்ப்பார் என்றார்கள். இது 2007, யுத்த காலம்; பாதை இன்று திறக்கும், நாளை பூட்டும். இந்த வியாழனை விட்டால் அடுத்தது நிச்சயமில்லை. துணைக்குப் போன வீரன், அடியேன்.

பேசாலையில் 5.30க்கு பஸ். மன்னார் 16 கிலோமீற்றர், 22 ரூபாய். அங்கிருந்து மதவாச்சிக்கு 6.30க்கு, 84 கிலோமீற்றர், 105 ரூபாய். வழியில் மூன்று இடத்தில் இறங்கி ஏற வேண்டும். முருங்கன் தாண்டியதும் அக்காவுக்கு வலி தொடங்கியது. முன் கதிரையின் கம்பியை இரு கையாலும் பிடித்துக்கொண்டாள். நான் பகிடி விட்டுப் பார்த்தேன். "வாயை மூடடா, சிரிச்சா இன்னும் நோகுது" என்றாள்.

மதவாச்சிச் சோதனைச்சாவடிக்கு 9.35க்கு வந்தோம். எல்லோரும் இறங்கி, பை திறந்து, அடையாள அட்டை காட்டி, அந்தப் பக்கம் வேறு பஸ் ஏற வேண்டும். என் முறை வந்ததும் வரிசையைச் சிரிக்க வைக்க நினைத்தேன். நெஞ்சை நிமிர்த்தி, குதிக்கால் தட்டி, ஆமிக்காரனுக்கு ஒரு சல்யூட் வைத்தேன். பிசகில்லாத சல்யூட்.

யாரும் சிரிக்கவில்லை.

"எங்க பயிற்சி? யார் பழக்கினது?" என்று கேட்டான் ஆமிக்காரன்.

பதினேழு வயதுத் தமிழ்ப் பெடியன் ஒருவன் அப்படி சல்யூட் வைத்தால் அதற்குப் புலிகளிடம் பயிற்சி எடுத்தவன் என்ற ஒரே அர்த்தம்தான் என்பது அப்போதுதான் உறைத்தது. தகரக் கொட்டிலுக்குள் கொண்டுபோனார்கள். நான் கல்லாக நின்றேன்.

வெளியே, அந்தப் பக்கத்து அநுராதபுர பஸ் புறப்பட்டது. "தங்கச்சி, ஏறுங்கோ, டொக்டரை விட்டிடாதேங்கோ" என்று நாங்கள் வந்த மன்னார் பஸ் கொண்டக்டர் கத்தினார். "தம்பியை விட்டிட்டு வரேலாது" என்று அக்கா வெயிலில் நின்றுவிட்டாள். ஒரு மணித்தியாலத்துக்கு மேல், வயிற்றைப் பிடித்தபடி. பிறகு கேட்காமலே கொட்டிலுக்குள் வந்து, தமிழ் தெரிந்த அதிகாரியின் மேசையில் ஸ்கான் தாளை வைத்தாள்.

"சேர், எனக்கு மாதவிலக்கு வந்தா எழும்பேலாது. சூலகத்தில கட்டி. பன்னிரண்டுக்கு முதல் போக வேணும். இவன் என்ர தம்பி. பள்ளிக்கூட பாண்டில ட்ரம் அடிக்கிறவன், சல்யூட் அங்க பழகினது."

அப்பாவிடம்கூடச் சொல்லாததை அந்நிய ஆண்கள் நால்வர் முன் சொன்னாள். அதிகாரி தாளை இரண்டு தரம் வாசித்தார். 11.15க்கு விட்டார்கள்.

அநுராதபுரம் இன்னும் 26 கிலோமீற்றர். கிளினிக் வாசலில் 12.20. டொக்டர் காரைத் திறக்கத் திறப்பைக் கையில் எடுத்தபடி வெளியே வந்துகொண்டிருந்தார். அக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பி உள்ளே போனார்.

இரண்டு வழி இருந்தது. இருபத்தெட்டு நாளுக்கு ஒருதரம் ஊசி, ஆறு மாதம். வலி அடங்கும், கட்டி போகாது. அல்லது சத்திரசிகிச்சை, கட்டியை எடுத்துச் சூலகத்தைக் காப்பாற்றப் பார்ப்பார், ஆனால் உறுதி தரமாட்டார். நோய் திரும்பவும் வரலாம்.

"ஒவ்வொரு மாதமும் வரேலுமா?" என்று கேட்டார்.

"ஓம் டொக்டர், நான் கூட்டிக்கொண்டு வாறன்" என்றேன்.

அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "இவனோட ஆறு தரமோ? வெட்டுங்கோ." பிறகு மெதுவாக, "பாதை பூட்டினா ஊசி அங்க, நான் இங்க. திரும்ப வந்தா அப்ப பார்ப்பம்" என்றாள்.

மூன்று கிழமை கழித்துச் சத்திரசிகிச்சைக்குத் திகதி தந்தார்.

இதே பாதையில் போகிறவர்களுக்கு: கிராம அலுவலரான விதானையார் பயணத்துக்குத் தரும் கடிதத்தில் "வயிற்றுவலி" என்று மழுப்பாமல் நோயின் பெயரை எழுதுவியுங்கள். ஸ்கான் தாளை மேலே வையுங்கள். வலி வந்த நாட்களைக் கொப்பியில் குறித்துக்கொண்டு போனால் டொக்டருக்கு உதவும். கைகளைப் பக்கத்தில் வைத்திருங்கள்.

இதை வாசித்த அக்கா, "எழுது, இன்னொருத்திக்கு உதவும். ஆனா உண்மையை எழுது" என்றாள். சரி. நான் கல்லாக நிற்கவில்லை. கொட்டிலுக்குள் போன நிமிடமே "அக்கா, அக்கா" என்று விக்கி விக்கி அழுதேன். வெயிலில் வலியோடு நின்றது அவள். ஆமிக்காரன் இரக்கப்பட்டுத் தண்ணீர் கொடுத்தது எனக்கு.