மெஷின் பழுது, நாளைக்கு வாங்கோ

போன வாரம் பத்திரிகையின் இந்த இடத்தில் நான் இல்லை. கவனித்தீர்களா?

இரண்டு பேர் கவனித்திருக்கிறார்கள். புளியங்குளத்தில் இருந்து ஒரு வாசகர் போன் எடுத்து, "ரீச்சர், சுகமில்லையோ?" என்று கேட்டார். மற்றவர் என் தங்கச்சி.

சுகத்துக்கு ஒரு குறையும் இல்லை. லப்டொப் மாற்றினேன்... அவ்வளவுதான்.

பழையது பத்து வருடம் உழைத்தது. "இனி இந்த சிஸ்டத்துக்குப் பாதுகாப்பு வராது" என்று திரையில் தினமும் ஓர் அறிவித்தல் வரும். நானும் தினமும் அதை மூடிவிட்டு என் வேலையைப் பார்ப்பேன். ஒருநாள் லப்டொப் தானாகவே அணைந்துபோனது. பிறகு உயிர் வரவில்லை.

மகள் புதிது வாங்கி அனுப்பினாள். திறந்தால் — இடது மூலையில் இருந்த பட்டன் நடுவில் நிற்கிறது. முன்பு சொல்லாக இருந்ததெல்லாம் குட்டிக் குட்டிப் படங்களாகிவிட்டன. கத்தரிக்கோல் தெரிகிறது, சரி. அதற்குப் பக்கத்தில் இருப்பது பெட்டியா, தாளா? எங்கே அமத்தினால் இது நிற்கும்? கண்டுபிடிக்க முடியாமல் மூடியைச் சாத்தி, மேலே ஒரு துவாயைப் போட்டு வைத்தேன்.

இதெல்லாம் சின்னக் கரைச்சல். பெரிய கரைச்சல் தமிழ்.

என் வயதில் கணினியில் ரைப் பண்ணுகிறவர்களுக்கு இது தெரியும். நாங்கள் பழகியது பழைய எழுத்துரு. எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று ஐந்து தட்டுத் தட்டினால் திரையில் 'அம்மா' வருவாள். புது லப்டொப்பில் அந்த எழுத்துரு இல்லை. நான் அம்மா என்று அடிக்க, எம்மும் கேயும்தான் வந்து நின்றன. நான் இத்தனை வருடம் எழுதிச் சேர்த்த பத்திகளைத் திறந்தாலும் அதே கதி. பக்கம் பக்கமாக ஆங்கிலக் கிறுக்கல்.

ஒலியை ஆங்கிலத்தில் அடித்தால் தமிழ் வருகிற ஒரு வழி உள்ளே இருந்தது. ஒரு கிழமை அதோடு மல்லுக்கட்டினேன். ஒற்றை விரலால் ஒரு பந்தி எழுத ஒரு காலை போனது.

அப்போதுதான் மல்லிகாவின் ஞாபகம் வந்தது. இந்த ஊரில் தமிழ் ரைப்பிங்குக்கு அவரை விட்டால் யார்?

கிளிநொச்சி பஸ் நிலையத்துக்குப் பின்னால் மல்லிகாவுக்கு ஒரு சின்னக் கடை. கடிதம், விண்ணப்பம், மனு என்று இருபத்தைந்து வருடமாக ரைப் பண்ணிக் கொடுக்கிறார். ஐம்பத்தேழு வயது. தாய் தகப்பன் மலையகத்துத் தேயிலைத் தோட்டத்தில் இருந்து வன்னிக்கு வந்தவர்கள். கீபோர்ட்டைப் பார்க்கவே மாட்டார். வந்தவரின் முகத்தைப் பார்த்து, அவரோடு கதைத்துக்கொண்டே அடிப்பார். மழை பெய்கிற மாதிரிச் சத்தம் கேட்கும்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் லப்டொப்பைத் தூக்கிக்கொண்டு உருத்திரபுரத்தில் இருந்து பஸ் ஏறினேன். இரண்டு நிமிட வேலை என்று நினைப்பு.

"வாங்கோ ரீச்சர்" என்று கதிரையைக் காட்டினார். நான் பையைத் திறக்க முன்பே ஒரு பெண் அவசரமாக உள்ளே வந்தார்.

"மெஷின் பழுது. நாளைக்கு வாங்கோ" என்றார் மல்லிகா, தலை நிமிராமல்.

எனக்குப் புதினமாக இருந்தது. அவருக்கு முன்னால் திரை பளிச்சென்று எரிகிறது. அதில் என் புது லப்டொப்பின் திரையில் இருக்கிற அதே நீலப் பூப் படம்.

வந்தவர் போகவில்லை. பெயர் புவனேஸ்வரி, ஊர் கண்டாவளை.

"நாளைக்கு ஏலாது மல்லிகாக்கா. அரசாங்க அலுவலர்கள் இங்க வந்து செய்யிற நடமாடும் சேவை இண்டைக்கு மட்டுந்தான். மூண்டு மணியோட காணிக் கந்தோர் ஆக்கள் எழும்பிடுவினம்."

வயல் காணியின் அனுமதிப்பத்திரம் அவருடைய கணவரின் பெயரில். கணவர் இப்போது இல்லை. அதைத் தன் பெயருக்கு மாற்றக் கேட்டு இரண்டு வருடத்துக்கு முன் ஒரு கடிதம் கொடுத்திருந்தார். அதை ரைப் பண்ணியது மல்லிகாதான். அந்தக் கடிதத்தின் பிரதியை இன்றைக்கே கொண்டுவரச் சொல்லிவிட்டார்கள். இவர் கையில் இருந்தது போன மாரி வெள்ளத்தோடு போய்விட்டது. எல்லைகள், இலக்கங்கள், சாட்சிகளின் பெயர்கள்... எதுவும் மனப்பாடம் இல்லை.

மல்லிகா பழைய கடிதங்கள் இருந்த ஒரு பென் ட்ரைவைச் செருகினார். தேடினார். கடிதம் இருந்தது. திறந்தார்.

இரண்டு பக்கம். முழுக்க ஆங்கிலக் கிறுக்கல்.

"மெஷின் பழுதில்லை ரீச்சர்" என்றார் மெதுவாக. "நான்தான் பழுது. கணினிக்காரர் புது மெஷின் போட்டுத் தந்தாரு. ஒரு சொல்லு அடிக்க முடியல்ல. ஒம்பது நாளா வர்றவங்க எல்லாரையும் திருப்பி அனுப்பிக்கிட்டு இருக்கேன்."

மனம் கலங்கினால் மட்டும் அவருடைய பேச்சில் மலையகம் வரும்.

"போட்டுத் தந்தவரைக் கேக்கேல்லையோ?" என்றேன்.

"அவர் கலியாணத்துக்கு யாழ்ப்பாணம் போயிட்டார். போக முதலே கேட்டிருக்கலாம். ஆனா எப்பிடிக் கேக்கிறது ரீச்சர்? இருபத்தைஞ்சு வருசம் அடிச்சுப்போட்டு, தமிழ் எங்க கிடக்குதெண்டு கேக்கிறதோ? கடையைப் பூட்டுவமோ எண்டும் யோசிச்சன்."

துவாய் போட்டு மூடியவள் நான்.

புவனேஸ்வரி மணிக்கூட்டைப் பார்த்தார். பன்னிரண்டே முக்கால்.

மல்லிகா திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய பத்து விரல்களும் வெறும் மேசையில் மெல்லத் தட்டத் தொடங்கின. உதடு அசைந்தது.

"ஐயா... எனது கணவர்... காலஞ்சென்ற..."

புவனேஸ்வரி திடுக்கிட்டு நிமிர்ந்தார். "அதுதான் அக்கா! அப்பிடித்தான் தொடங்கும்!"

"இந்தக் கிறுக்கலையோ வாசிக்கிறீங்கள்?" என்றேன்.

"வாசிக்கேல்ல ரீச்சர். அடிச்சுப் பாக்கிறன். கண்ணுக்கு விளங்கேல்ல, விரலுக்கு விளங்குது."

நான் லப்டொப்பைத் திறந்து அவருக்குப் பக்கத்தில் வைத்தேன். அவர் மேசையில் தட்டித் தட்டிச் சொல்ல, நான் ஒற்றை விரலால் புது முறையில் அடித்தேன். அவருக்குப் பழையது தெரியும், எனக்குப் புதியதில் அரைகுறை. இரண்டு பேரையும் சேர்த்தால் ஒரு ஆள் வரும் போலிருந்தது.

புவனேஸ்வரி என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தபடி நின்றார்.

"ஐயோ ரீச்சர், எங்கட காணிக்கு வடக்கால வைக்கல் இல்லை. வாய்க்கால்!"

ஒரு எழுத்துத் தவறினால் வாய்க்கால் வைக்கோலாகிவிடுகிறது. மூன்று பேரும் சிரித்தோம். மல்லிகா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

இரண்டு பக்கத்துக்கு ஒன்றரை மணித்தியாலம். நடுவில் ஒருவர் வாசலில் சைக்கிளை நிறுத்திவிட்டு, "ஒரு கடிதம் அடிக்கோணும்" என்றார்.

"மெஷின்..." என்று தொடங்கிய மல்லிகா நிறுத்தினார். பிறகு அவருடைய முகத்தைப் பார்த்துச் சொன்னார்: "எனக்கு இது புதுசு அண்ணை. பழகிறன். மெல்லத்தான் வரும். அவசரமெண்டால் வேற இடம் பாருங்கோ."

"எனக்கென்ன அவசரம்" என்று அவர் உள்ளே வந்து இருந்து பேப்பரை விரித்தார்.

அவ்வளவுதான். ஒன்பது நாள் பயந்த வசனம். சொல்ல ஒரு மூச்சுப் போதுமாக இருந்தது.

இரண்டேகாலுக்குப் பிரிண்ட் எடுத்தோம். புவனேஸ்வரி ஒப்பம் வைத்து, தாளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடினார். மூன்றுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது மல்லிகாவின் போன் அடித்தது.

"கடிதத்தை எடுத்திட்டினம் அக்கா! பைலில போட்டாச்சு!"

வியாழக்கிழமை நான் லப்டொப்போடு திரும்பக் கடைக்குப் போனபோது கணினிக்காரர் கலியாண வீட்டில் இருந்து வந்திருந்தார். பழைய எழுத்துருவைப் போட்டார். பழைய விரல் பழக்கத்திலேயே புது எழுத்து வருவதற்கும் ஒரு வழி செய்து கொடுத்தார். மல்லிகாவுக்கும் எனக்கும் சேர்த்து இருபது நிமிடம். கடையில் இப்போது பழைய மழைச் சத்தம் பாதி வேகத்தில் கேட்கிறது.

"ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே அக்கா" என்றார் கணினிக்காரர் போகும்போது. நல்ல மனிதர், குத்திக்காட்டவில்லை.

சொல்லியிருக்கலாம்தான். ஏன் சொல்லவில்லை? வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் பஸ்ஸில் அதையே யோசித்துக்கொண்டு வந்தேன். யாரும் எங்களைக் கேட்டு எதையும் மாற்றுவதில்லை. ஆனால் மாறியது தெரியாமல் நிற்கும்போது வெட்கம் மட்டும் எங்களுக்கு வருகிறது. அதனால் பழியைத் தூக்கி மெஷினில் போடுகிறோம்.

முப்பத்து மூன்று வருடம் நான் புவியியல் படிப்பித்தேன். வீட்டுப்பாடத்தைக் கேட்டால் சில பிள்ளைகள் எழும்பி நின்று நிலத்தைப் பார்ப்பார்கள். "கொப்பியை வீட்ட விட்டிட்டு வந்திட்டன் ரீச்சர்." எத்தனை பேரை வாசலில் நிற்க வைத்திருப்பேன்!

அந்தக் கொப்பிகளெல்லாம் பைக்குள்தான் இருந்திருக்கும்.