தொரைக்கு வச்ச கோழி

வெயிட்டர் வேலையில கால் வலிக்கும்பாங்க. பொய்யி, சிரிச்சுச் சிரிச்சு தாடைதான் வலிக்கும். தட்டு தூக்கின எல்லாருக்கும் இது தெரியும். தொண்ணூறுகள்ல நான் றக்வானைங்கற மலையூர்ல ஒரு பழைய ஹோட்டல்ல இருந்தேன். வெள்ளக்காரன் காலத்து கிளப்பு அது. ஒரு தொரை குதிரையோட சாப்பாட்டு மண்டபத்துக்குள்ள வந்து, சீட்டாட்டத்துல அந்தக் குதிரையையே தோத்து, அதே மேசையில ரோஸ்ட் கோழி சாப்பிட்டுக்கிட்டே செத்தும் போனாராம். அந்தக் கதையக் கேக்கத்தான் சனம் வரும். சாப்பாட்டுக்காக யாரும் வந்ததில்ல.

குளம்படி

வாசல்லருந்து மேசை வரைக்கும் பலகைத் தரையில குதிரையோட குளம்படி இருந்துச்சு. கறையான் தின்னுட்டுது. புதுப்பலகை போட்டதும் மனேஜர் கத்துனாரு, அடி இல்லாம எப்படிக் கதை சொல்றதுன்னு. நம்ம கோக்கி, அதான் சமையக்காரரு சுப்பையாண்ணன் அடுப்ப விட்டுட்டு வந்து, ஒரு லாடத்த வச்சு நடு மண்டபத்துல ஒரே போடு போட்டாரு. மறுநாள் இரத்தினபுரி மாணிக்க வியாபாரி ஹாஜியார் ஒருத்தரு சுத்திச் சுத்திப் பாத்துட்டுக் கேட்டாரு:

"ஏன் தம்பி, குதிரைக்கு ஒரு கால்தானா?"

வெள்ளிக்கெழமப் படையல்

கொழும்பு மொதலாளி மண்டபத்த மூடப்போறாருன்னு பேச்சு. மூடினா நான் மறுபடி தேயில மலைக்குப் போயி செடி வெட்டுற கவ்வாத்துக் கத்தி புடிக்கணும். முடிவு பண்ண மொதலாளி தன் மச்சான அனுப்பினாரு. மனுசன் சொல்லாம கொள்ளாம வெள்ளிக்கெழம வந்து நின்னாரு. வெள்ளிக்கெழம ஆனா சுப்பையாண்ணன் மூலை மேசையில தொரைக்குப் படையல் வைப்பாரு: ரோஸ்ட் கோழி, சாராயம், சுருட்டு. படையலாச்சே, உப்புப் பாக்கமாட்டாரு. நான் தண்ணி கொண்டாறதுக்குள்ள மச்சான் அங்க உக்காந்து பாதிக் கோழிய முடிச்சிட்டாரு.

"உப்பு கரிக்குதே, யாருக்கு வச்சது இது?"

"செத்துப்போன தொரைக்குங்க."

"எப்பிடிச் செத்தாரு?"

"இதே மேசையிலதாங்க. கோழி சாப்பிட்டுக்கிட்டு இருக்கையில."

கையிலிருந்த எலும்பக் கீழ வச்சாரு.

"அப்பவும் இதே கோக்கிதானா?"

தீர்ப்பு

சுப்பையாண்ணன் ஓடிவந்து தலையில அடிச்சுக்கிட்டாரு. "ஐயோ, தொரை பசியோட நிப்பாரே!" மச்சானுக்குத் திருநீறு பூசி, கையில எலுமிச்சம்பழத்தக் குடுத்து கார்ல ஏத்திவிட்டோம். என் வேலையும் அதே கார்ல ஏறிப் போயிருச்சுன்னுதான் நெனச்சேன். எனக்கு ஒரு வாரம் தூக்கமில்ல. மறுபடி வந்த மச்சான் கார விட்டே எறங்கல. முகம் வெளுத்துக் கெடந்துச்சு. கண்ணாடிய எறக்கி மனேஜர்கிட்ட சொன்னாரு:

"மண்டபத்த மூடிராதீங்க ஐயா, மூடினா அந்தத் தொரை சாப்பாட்டுக்கு என் வீட்டுக்கில்ல வந்துருவாரு!"

ஆக, வேலை குடுத்த மொதலாளி உயிரோட இருந்தாரு, அந்த வேலையக் காப்பாத்திக் குடுத்த தொரை செத்திருந்தாரு, ஆனா பரிமாறினவனுக்கு ஒரு 'நல்லாருந்துச்சு' ரெண்டு பேருமே சொன்னதில்ல.