அக்கா மூடாத டேப்கள்

கம்ப்யூட்டர் விஷயமாக என்னிடம் ஒருவர் உதவி கேட்கிறார் என்றால், அவருக்கு வேறு நாதி இல்லை என்று அர்த்தம்.

போன ஞாயிற்றுக்கிழமை என் அக்காவுக்கு அந்த நிலைமை வந்தது. காலையில் இட்லித் தட்டின் முன்னால் அப்போதுதான் உட்கார்ந்திருந்தேன். போன்.

"தம்பி, கம்ப்யூட்டரு சுத்திக்கிட்டே கெடக்குதுடா. ஒண்ணியும் வர மாட்டேங்குது. கொஞ்சம் வந்துட்டுப் போயேன்."

"என்னாக்கா சுத்துது?"

"அதான்டா... நடுவுல ஒரு வட்டம் சுத்துமே. நெட்டத் தொறந்தா அதுதான் சுத்துது. கப்பலு வர மாட்டேங்குது."

கப்பல் என்று சொன்னதும் தட்டை நகர்த்தி வைத்துவிட்டுச் சட்டையை மாட்டினேன்.

உங்களுக்குக் கொஞ்சம் விளக்க வேண்டும். அக்கா வாழ்க்கைப்பட்டது சிதம்பரத்தில். அண்ணாமலை நகரில் மாணவர்கள் தங்கும் லாட்ஜுகளுக்குப் பின் தெருவில், அவளும் அவள் வீட்டுக்காரரும் — நான் மாமா என்று கூப்பிடுகிறவர் — ஒரு மெஸ் நடத்துகிறார்கள். ஒரே பிள்ளை, கதிர். சரக்குக் கப்பலில் வேலை. கிளம்புவதற்கு முன்னால் தன்னுடைய பழைய டெஸ்க்டாப்பில், எந்தக் கப்பல் எங்கே போகிறது என்று மேப்பில் காட்டும் ஒரு வெப்சைட்டை அம்மாவுக்குத் திறந்து காட்டிவிட்டுப் போனான். நீலமாகக் கடல். அதில் ஒரு சின்ன அம்புக்குறி. அக்காவைப் பொறுத்தவரை அந்த அம்புக்குறிதான் கதிர்.

"கரைக்குப் பக்கத்துல இருந்தா காட்டும்மா. நடுக்கடலுக்குப் போயிட்டா சிக்னல் கெடைக்காது, அப்பிடியே நிக்கும். அதுக்குப் பயந்துக்காத" என்றும் சொல்லிவிட்டுத்தான் போனான். எந்த அம்மா இதில் கடைசி வரியைக் காதில் வாங்கியிருக்கிறாள்?

இப்போது அந்த அம்புக்குறி நடுக்கடலில் நிற்கிறது. நின்று பல நாளாகிறது. அவனுக்கு அனுப்பிய மெசேஜுக்கெல்லாம் ஒற்றை டிக். இந்நேரம் ஒரு துறைமுகத்தில் இறங்கி, "அம்மா, சாப்ட்டியா" என்று கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. சென்னையில் ஏஜென்ட் ஆபீஸுக்குப் போன் செய்தால், "எல்லாம் நார்மல், கப்பல் லேட்டு, அவ்வளவுதான்" என்கிறார்கள். நார்மல் என்ற வார்த்தையை நான் நம்புவதே இல்லை. ஆஸ்பத்திரியிலும் முதலில் அதைத்தானே சொல்கிறார்கள்?

கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கும் என் வீட்டிலிருந்து பஸ் ஸ்டாண்டு, அங்கிருந்து சிதம்பரம் பஸ். வழியெல்லாம் போனில் படித்துக்கொண்டே போனேன். "உங்கள் பிரவுசர் ஸ்லோவாக இருக்கிறதா? கவலை வேண்டாம்" என்கிற ரகக் கட்டுரைகள். கேஷை அழியுங்கள், குக்கீயை அழியுங்கள், வேண்டாத எக்ஸ்டென்ஷனைத் தூக்குங்கள், ரீஸ்டார்ட் செய்யுங்கள்... எல்லாக் கட்டுரையிலும் இதேதான். ஒருவர் எழுதியதைப் பார்த்து மற்றவர்கள் எழுதியிருக்கிறார்கள். பத்திரிகையில் பத்தி எழுதும் என் தொழிலிலும் அது உண்டு என்பதால் நான் குறை சொல்லப் போவதில்லை. பி.முட்லூர் வருவதற்குள் நான் ஒரு நிபுணன் ஆகியிருந்தேன்.

கவலை வேண்டாமாம். யாரிடம் சொல்கிறார்கள்?

மெஸ்ஸில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். மாமா கறிக்குழம்பு வாளியோடு பந்தியில் நின்றிருந்தார்.

"வா மச்சான். ஒன்னத்தான் நெனச்சிக்கிட்டிருந்தேன். ஒரு வாரமா இதே ரோதன. நேரம் கெடைச்சா அது முன்னாடி போயி குந்திக்கிறா. நேத்து சாம்பார்ல உப்பே இல்ல. பசங்க சொல்லித்தான் தெரியுது." குரலைத் தணித்துக்கொண்டார். "அத சரி பண்ணிக் குடு. இல்லன்னா தூக்கிப் பரண்மேல போடு. ஏதாவது ஒண்ணு செய்."

டெஸ்க்டாப் முன்னறையில், அரிசி மூட்டைகளுக்குப் பக்கத்தில். சிபியூவின் நெற்றியில் ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனப் பொட்டு அப்படியே காய்ந்திருந்தது. உட்கார்ந்து பிரவுசரைத் தொட்டேன். வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. அது சுற்றி முடிப்பதற்குள் மூலையிலிருந்து விளம்பரங்கள் ஒவ்வொன்றாக எட்டிப் பார்த்தன — நில விற்பனை, வரன் தேடல், மூட்டு வலித் தைலம், ஜோதிடம்.

"ஏங்க்கா, உள்ள வரலாமான்னு கேக்குறதுக்கெல்லாம் 'அலவ்' அமுக்கி வச்சிருக்கியா?"

"அது கேக்குதுடா. வாசல்ல வந்து கேக்குறப்ப மூஞ்சில அடிச்ச மாரி வேணாம்னு எப்பிடிச் சொல்றது?"

இப்படிப்பட்ட மனுஷிக்கு எந்த மெஷின் தாங்கும், சொல்லுங்கள். அவள் ரசம் ஊற்றப் போய்விட்டாள். நான் வேலையை ஆரம்பித்தேன். தைலத்தை விரட்டினேன். ஜோதிடரை விரட்டினேன். கேஷை அழித்தேன். குக்கீயை அழித்தேன். பழைய டூத்பிரஷ் ஒன்றை வாங்கி, சிபியூவுக்குள் இருந்த தூசியைத் தட்டிவிட்டேன். தூசியா அது? அரிசித் தவிடு, அடுப்புக் கரி, எண்ணெய்ப் பிசுக்கு எல்லாம் சேர்ந்து ஒரு கம்பளி. மூடி, மறுபடி ஆன் செய்தேன். பிரவுசர் தானாகவே பழையபடி திறந்துகொண்டது. அப்படித் திறக்கும்படி கதிர்தான் செட் செய்திருக்கிறான்.

வட்டம் சுற்றியது.

கட்டுரைகளில் இருந்ததெல்லாம் தீர்ந்துவிட்டது. எனக்கு எரிச்சல் வந்தது. கம்ப்யூட்டர் மேலா, கப்பல் மேலா, நார்மல் என்று சொன்னவன் மேலா என்று சொல்லத் தெரியவில்லை. அப்போதுதான் மேலே பார்த்தேன்.

பிரவுசரின் தலைப்பகுதியில், திறந்து வைத்த ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு சின்னப் பட்டை வரிசையாக நிற்குமே — டேப். அக்காவின் பிரவுசரில் அவை நெருக்கியடித்துக்கொண்டு, எழுத்துக்கூடத் தெரியாமல், சீப்பின் பல் மாதிரி நின்றிருந்தன. ஒன்றை அமுக்கினேன். வெகுநேரம் கழித்துக் கப்பல் மேப் வந்தது. நீலக் கடல், அம்புக்குறி. இன்னொன்று. அதே மேப், அதே இடம், அதே அம்புக்குறி. கடைசியிலிருந்து ஒன்று. அதே. ஒவ்வொரு தடவை பார்க்கும்போதும் அக்கா புதிதாக ஒரு டேப் திறந்திருக்கிறாள். ஒன்றைக்கூட மூடவில்லை. அத்தனையையும் தூக்கிச் சுமந்தால் எந்த பிரவுசர் ஓடும்?

என் வீட்டுக் கம்ப்யூட்டரைச் சரி பார்க்கும்போது கதிர் எனக்குச் சொன்ன பாடம் இதுதான். "வேல முடிஞ்சிதுன்னா மூடிடணும் மாமா. மூடாம வச்சிக்கிட்டு ஸ்லோவா இருக்குதுன்னா அது என்னா பண்ணும்?"

அவன் சொன்ன மாதிரியே செய்தேன். ஒரு டேப்பை மட்டும் விட்டு, மற்ற எல்லாவற்றையும் ஒரே அமுக்கில் மூடினேன். மேப் சட்டென்று வந்தது. நானே எதிர்பார்க்கவில்லை. எனக்கு என்னையே தட்டிக்கொடுக்கத் தோன்றியது.

"அக்கா, வந்து பாரு."

கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே வந்தாள். குனிந்து பார்த்தாள். அம்புக்குறி நின்ற இடத்திலேயே நின்றது. பக்கத்தில், கடைசியாகச் சிக்னல் வந்த தேதி — அதே பழைய தேதி. அதை அவள் இரண்டு தடவை படித்தாள். பிறகு மெல்ல மேலே பார்த்தாள்.

"மத்ததெல்லாம் எங்கடா?"

"மூடிட்டேன்க்கா. அதனாலதான் ஸ்லோவா இருந்துச்சி."

ஸ்கிரீனின் மேல்பக்கத்தை விரலால் தடவினாள்.

"பெருக்கிட்டியா?" என்றாள்.

நாங்கள் கடற்கரைக் குப்பத்தில் பிறந்தவர்கள். அப்பா கடலுக்குப் போனவர். அவர் வலையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலைத் தாண்டினால், அம்மா துடைப்பத்தைத் தொடமாட்டார். வீடு குப்பையாகக் கிடந்தாலும் கிடக்கும். கடலுக்குப் போனவர் கரை ஏறின பிறகுதான் பெருக்குவது. ஆள் போன கையோடு பெருக்கினால், அவர் போன தடத்தையும் சேர்த்துப் பெருக்கித் தள்ளியதாகிவிடுமாம். அப்பா ஒவ்வொரு தடவையும் திரும்பி வந்தார். அதனால் அந்த வழக்கம் சரிதான் என்று எங்கள் வீட்டில் முடிவாகிவிட்டது. மெஸ் வைத்திருக்கிறவள் வீட்டைப் பெருக்காமல் இருக்க முடியுமா? கல்லூரிப் பசங்கள் சாப்பிடுகிற இடம். அதனால் அக்கா இந்த டேப்களைப் பெருக்காமல் வைத்திருந்தாள்.

"மொதல்ல இருந்தது அவன் ஏறுன எடம்டா. அதுக்கப்பறம் கொழும்பு தாண்டுனது. அப்பறம் சிங்கப்பூரு. ஒவ்வொரு நாளும் எங்க இருந்தான்னு அப்பிடியே வச்சிருந்தேன்."

அவள் வைத்திருக்கவில்லை. அதுதான் கொடுமை. சிதம்பரத்தில் கரண்ட் போய் வரும்போதெல்லாம் பிரவுசர் தானே மறுபடி திறக்கும். எல்லா டேப்பும் அப்போதைய நிலைமையைத்தான் காட்டும். கொழும்பும் இல்லை, சிங்கப்பூரும் இல்லை. எல்லாவற்றிலும் நடுக்கடல்தான். நான் என் கண்ணால் பார்த்தேன். அதை அவளிடம் சொல்லியிருக்க வேண்டுமா? நீங்கள் என் இடத்தில் இருந்தால் சொல்வீர்களா? நான் வாயைத் திறக்கவில்லை.

அக்கா மவுஸைப் பிடித்து ரீலோட் செய்தாள். உடனே வந்தது, அதே இடம். மறுபடி. அதே இடம். மறுபடி. கண்ணிமைக்கும் நேரம்கூட ஆகவில்லை.

"நல்லா வேகமாத்தான்டா இருக்குது" என்றாள். மவுஸை விட்டுவிட்டு, "சுத்திக்கிட்டிருந்தப்ப வரும் வரும்னு ஒக்காந்திருப்பேன். இப்ப நவுந்திருக்கும், வந்ததும் தெரியும்னு... இது என்னான்னா, கேட்ட ஒடனே இல்லன்னுடுது."

இத்தனை நாளாக அந்த வட்டம் அவளுக்குத் துணைக்கு இருந்திருக்கிறது. நான் கடலூரிலிருந்து பஸ் ஏறி வந்து, வெற்றிகரமாக அதைப் பிடுங்கியிருக்கிறேன். இதற்குப் பேசாமல் இட்லியைச் சாப்பிட்டுவிட்டுத் தூங்கியிருக்கலாம்.

கதிர் எனக்கு இன்னொன்றும் சொல்லிக்கொடுத்திருந்தான். தெரியாமல் மூடிவிட்டால் கண்ட்ரோல், ஷிஃப்ட், டி — மூன்றையும் சேர்த்து அமுக்க வேண்டும். அமுக்கினேன். மூடிய டேப்கள் திரும்பி வந்தன. அமுக்கிக்கொண்டே இருந்தேன். சீப்புப் பல் மறுபடி முளைத்தது. சிபியூவுக்குள் மின்விசிறி இரைந்தது. கடைசி டேப்பும் வந்தபோது ஸ்கிரீன் வெள்ளையாகி, நடுவில் வட்டம் சுற்ற ஆரம்பித்தது.

அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

மாமா ரசக் கரண்டியோடு வந்து நிலைப்படியில் நின்றார். "சரி ஆயிடுச்சா மச்சான்?"

"ஆயிடுச்சி மாமா."

போய்விடுவார் என்று நினைத்தேன். போகவில்லை. கரண்டியைப் பார்த்தபடி கேட்டார். "நவுந்துச்சா?"

தூக்கிப் பரண்மேல் போடச் சொன்ன மனிதர்.

"லோடு ஆவுது மாமா" என்றேன்.

"ஆவட்டும், ஆவட்டும். அவசரம் ஒண்ணும் இல்ல" என்றவர், அக்காவின் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றுகொண்டார். பந்தியிலிருந்து "அண்ணே, ரசம்" என்று யாரோ கூப்பிட்டார்கள். இருவருக்கும் கேட்கவில்லை. நான்தான் கரண்டியை வாங்கிக்கொண்டு போய் ஊற்றினேன்.

திரும்பி வரும் பஸ்ஸில் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். நடுக்கடலில் சிக்னல் கிடைக்காது. துறைமுகத்தில் இடம் கிடைக்காமல் கப்பல்கள் காத்துக் கிடப்பது சகஜம். அவன் போன் தண்ணீரில் விழுந்திருக்கும். எல்லாமே நியாயமான காரணங்கள். ஒன்றையாவது என்னால் முழுசாக நம்ப முடியவில்லை. நம்பிக்கை என்பது எனக்கு எப்போதும் கொஞ்சம் குறைச்சல்தான்; இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிக்கிறவர்களுக்கு அது தெரியும்.

இதை எழுதுகிற இந்த நிமிஷம் வரை கதிரிடமிருந்து போன் இல்லை.

வீட்டுக்கு வந்ததும் என் கம்ப்யூட்டரிலும் அந்த வெப்சைட்டைத் திறந்தேன். சாயங்காலம் இன்னொரு தடவை, புது டேப்பில். மறுநாளும். இந்தப் பத்தியை அடிக்கும்போது எழுத்துகள் ஒவ்வொன்றாக நின்று நின்று வருகின்றன. காரணம் எனக்குத் தெரியும். சரி செய்யவும் தெரியும்.

உங்கள் பிரவுசர் ஸ்லோவாக இருந்தால் நீங்கள் எல்லா டேப்பையும் மூடிவிடலாம் — உங்கள் வீட்டில் எல்லோரும் வந்து சேர்ந்தாகிவிட்டது என்றால்.